தண்ணீருக்குள் தெரிந்த கட்டி

மிளகு ஏணியிலிருந்து இறங்கும் ஒருவன் தள்ளாடினால் நீங்கள் முதலில் என்ன நினைப்பீர்கள்? குடித்திருக்கிறான் என்றுதானே? 2005ஆம் ஆண்டு, மலையகத்தில் பலாபத்வலை என்ற ஊருக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்தார். மிளகு பறிக்கும் அழகையாவுக்கு அன்றைய கூலிக்கான பேர் போடாமல் திருப்பி அனுப்பினார். அழகையா வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை.

கால் மரத்துப்போகிறது என்றதற்குத் தோட்டத்து மருந்துக்காரர் வலி மாத்திரை கொடுத்தார். பூசாரி செய்வினை என்று சொல்லி ஒரு சேவலை அறுத்தார். சேவல் செத்ததுதான் மிச்சம். கால்கள் மேலும் மரத்தன.

கவனித்தவர் மிளகு வாங்க வரும் ஜைனுதீன். "அழகையாண்ண, செருப்பு அங்க கெடக்கு, நீங்க மட்டும் வாறீங்க" என்றார். செருப்பு கழன்றது காலுக்குத் தெரியவில்லை. அந்த வாரமே அவரையும் மனைவி கிருஷ்ணம்மாவையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டுமென்றார்கள். நடக்க முடியாதவரை ஜைனுதீன் முதுகில் சுமந்து கடந்தார். போர் முழுதாக ஓயாத, தமிழன் என்றால் நோயாளியையும் சந்தேகித்த காலம் அது.

அங்கே எடுத்த படத்தில், முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டின் நடுவே ஒரு கட்டி இருந்தது. விட்டால் இரண்டு கால்களும் போகும். அறுக்கும்போது கை தவறினாலும் போகும். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சிங்களப் பெண். முதுகைத் திறந்தபின் ஸ்கேன் வைத்துப் பார்த்துத்தான் வெட்டுவேன் என்று விளக்கினார்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் நின்றுபோனது. தோட்டத்து லயக் குடியிருப்பில் ஸ்கேன் என்றால் ஒரே அர்த்தம்தான்: கர்ப்பிணியின் வயிற்றில் பிள்ளையைப் பார்ப்பது. ஆளை மாற்றி அறுக்கப்போகிறார்கள் என்று முடிவுகட்டிய அழகையா, வீட்டுக்குப் போக சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

"தோட்டத்துல கேட்டா எத்தன மாசம்னு சிரிப்பாங்க" என்றார்.

"சிரிக்கட்டும். ஒரு வாட்டி பெத்துப் பாத்தாத்தான் எங்க பாடு தெரியும்" என்றாள் கிருஷ்ணம்மா.

ஜைனுதீன் மருத்துவரை மறுபடி அழைத்து வந்தார். அவர் கோபிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"அதே மெசின்தானாம்" என்று ஜைனுதீன் தமிழாக்கினார். "எலும்பு இருந்தா மறைச்சிருமாம். அத எடுத்துட்டு, ஒங்கட முதுகுலயும் தண்ணி ஊத்தித்தான் பாக்கிறதாம். வயித்துப் புள்ளையும் தண்ணிக்குள்ள இருக்கிறதாலதான் தெரியிது."

அழகையா யோசித்தார். "அப்ப கண்ண மூடிக்கிட்டு வெட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சையின்போது நடந்ததை மருத்துவரே பிறகு சொன்னார். எலும்பை அகற்றி, உப்புநீர் ஊற்றி, கருவியை மெல்லத் தாழ்த்தினார்களாம். வெளியிலிருந்து பார்த்தால் நரம்புத்தண்டு ஒரே மாதிரிதான் இருந்தது. திரையில் மட்டும் கட்டி வெளுப்பாகத் தெரிந்தது. அதன் மேல்முனை இன்னும் எலும்புக்கு அடியில் கிடந்ததால் இன்னும் கொஞ்சம் எலும்பை எடுத்தார்கள். பிறகு கட்டிக்கு நேர் மேலே, தேவையான அளவுக்கு மட்டும் வெட்டினார்கள். எடுத்து முடித்தபின் மறுபடி பார்த்தபோது கீழே ஒரு துணுக்கு மிஞ்சியிருந்தது. அதையும் எடுத்தார்கள்.

கண்விழித்த அழகையா பெருவிரலை அசைத்தார். கிருஷ்ணம்மா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இடது காலில் இரண்டு விரல்கள் இன்றும் மரத்தே இருக்கின்றன. ஏணி ஏறுவதில்லை. ஆனால் மிளகு காயவைக்கும் களத்துக்குத் தன் காலால் நடந்து போகிறார்.

கிருஷ்ணம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு வைத்தாள். வைக்கட்டும். ஆனால் காலைத் திருப்பித் தந்தவர்கள் மனிதர்கள்: சுமந்த ஒருவர், பொறுமையாக விளக்கிய ஒருவர், அந்த ஸ்கேன் மெசினைப்போல, காதுக்குக் கேட்காத ஒலியால் உடலுக்குள் பார்க்கலாமென்று கண்டுபிடித்த, பெயர் தெரியாத பலர். அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். நன்றியை வாயால் சொன்னால் போதாது. கால் மரக்கிறது, நடை பின்னுகிறது, சிறுநீர் அடங்கவில்லை என்று உங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால் நாள் கடத்தாதீர்கள். நரம்பு காத்திருக்காது. அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.