பள்ளத்தாக்கில் இல்லாத முன்பதிவு மேசை

முதல் நாள்

வேலையில் சேர்ந்த அன்று எனக்குத் தந்த முதல் பயிற்சி, மட்டக்களப்பில் இருந்துகொண்டே மட்டக்களப்பில் இல்லாதவள்போலப் பேசுவது.

எங்கள் அலுவலகம் வாவிக்கரையில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தது. எட்டு மேசை, எட்டுக் கணினி, நினைத்தபோது நின்றுவிடும் ஒரு ஏசி. வளைகுடா நாடொன்றின் பாலைவனத்தில், உலகம் முழுக்க ஆட்கள் வந்து பார்க்கும் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் அடியில் இருந்த கூடார முகாமுக்கு நாங்கள் இங்கிருந்து ரிசர்வேஷன் எடுத்தோம். பள்ளத்தாக்கின் பெயரை எழுதவில்லை. எழுதினால் உடனே போனை எடுத்துப் படம் தேடுவீர்கள், மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.

கம்பனிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அனுபவக் குறிப்பு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் தருவதாக இருக்க வேண்டுமாம். முயற்சி செய்கிறேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் புவியியல் படித்தேன். பிறகு அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்தேன். அதில் எனக்கு இருந்த தேர்ச்சிக்கு இன்னொரு பட்டமே தந்திருக்கலாம். கடைசியில் இந்த வேலை கிடைத்தது. எங்கள் மனேஜர் ரகு சேர் ஹெட்செட்டைக் கையில் தந்து விளக்கினார்.

"பிள்ள, கெஸ்ட் கேட்டா 'இங்க கேம்ப்ல' எண்டுதான் சொல்லணும். 'அங்க' எண்டு வாயில வரவே கூடாது. விளங்கிச்சா?"

"நான் அங்க ஒருநாளும் போனதில்லையே சேர்."

"கெஸ்டும்தான் போனதில்ல. அதுக்குத்தானே புக் பண்றாங்க."

வசந்தமலர் என்ற பெயர் ஹெட்செட்டுக்குள் போகாதாம். சாரா என்று மாற்றினார்கள். கணினியின் ஓரத்தில் முகாமின் வெப்பநிலை ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து, "இங்கே இன்று நல்ல வெயில்" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். வெளியே மாரி மழை கொட்டும். ஜன்னலுக்குக் கீழே வாழைச்சேனை பஸ்ஸுக்குக் குடையோடு ஆட்கள் நிற்பார்கள்.

விருந்தினர்கள்

ஒருவர் எதிரொலி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டார். இன்னொருவர் இணையத்தில் உள்ள படத்தில் பாறையின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, தான் போனபோது வலப்பக்கம் விழுந்தது, இது மோசடி என்று எழுதினார். அவர் போனது பின்னேரம். ஒரு பெண்மணி இடம் அளவுக்கு மிஞ்சி அமைதியாக இருந்தது என்று ஒரு நட்சத்திரம் தந்தார். கணவர் சாப்பாட்டை மெல்லும் சத்தத்தை இருபது வருடத்தில் முதல்தடவையாக அங்கேதான் கேட்டாராம். அதற்கும் நான் மன்னிப்புக் கேட்டேன். "எங்கள் அமைதியால் உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்ற வசனம் இன்றும் எங்கள் ஸ்கிரிப்டில் இருக்கிறது.

முகாமில் எங்களுக்கு இருந்த ஒரே கண் நிசாம் காக்கா. ஏறாவூர்க்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சமையலுக்கு என்று வளைகுடாவுக்குப் போனவர். கூடாரம் அடிப்பது, ஜீப் ஓட்டுவது, ஒட்டகத்துக்கு மருந்து போடுவது எல்லாம் பிறகு அவர் தலையில் விழுந்தன. சம்பளம் மட்டும் சமையல்காரருடையதாகவே இருந்தது. ஏதாவது தெரியாவிட்டால் அவருக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுப்பேன்.

"காக்கா, எதிரொலிக்கு என்ன நேரம் சொல்ல?"

"நான் கத்துற நேரம் எண்டு சொல்லு தங்கச்சி."

முகாமில் கூடாரம் அடிக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று மேலே, பாறைத் தட்டு. கல்லும் முள்ளும். மற்றது கீழே, பள்ளத்தாக்கின் நடுவில், பஞ்சுபோல மணல். எல்லோருக்கும் கீழேதான் வேண்டும். மார்க்கெட்டிங் பிரிவு அதற்கு "சொகுசு மணல் மெத்தை" என்று பெயரும் வைத்திருந்தது. அவ்வளவு நல்ல மணலை அங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று அந்தப் பிரிவில் எவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அது காய்ந்துபோன ஆற்றின் படுக்கை சேர் என்றும் சொன்னேன்.

"பிள்ள, இது ஜியோகிரபி கிளாஸ் இல்ல" என்றார் ரகு சேர்.

அந்தப் பின்னேரம்

பின்னேரம் மூன்றரை மணி. முகாமில் அப்போது இரண்டு மணி. மறுநாள் வருவதாக இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி அழைத்தார். பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள மலைக் கிராமம் ஒன்றில் நிற்கிறாராம். காலையிலிருந்து அடைமழை, பாதை எல்லாம் தண்ணீர், இறங்கி வர முடியாது, புக்கிங்கை ரத்துச் செய்ய வேண்டும் என்றார். முகாமில் மழை பெய்தால் மட்டும் ரத்துச் செய்யலாம் என்பது விதி. திரையைப் பார்த்தேன். மஞ்சள் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. இங்கே வானம் தெளிவாக இருக்கிறது, விதிப்படி ரத்துச் செய்ய முடியாது என்று வாசித்துச் சொன்னேன். நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அடுத்த கோலை என்னால் எடுக்க முடியவில்லை.

என் ஊர் வவுணதீவுப் பக்கம். எங்களுக்கு வெள்ளம் மழையோடு வருவதில்லை. மேலே காட்டுப்பக்கம் பெய்யும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பார்கள். எங்கள் முற்றத்தில் அப்போது வெயில் எரியும், நெல் காயும். நான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் அப்படி ஒரு நாள் தண்ணீர் வயல்வெளிக்குள், எங்கள் பேச்சில் வட்டைக்குள், ஏறி வரம்புகளை மூடி, வீட்டுக்கே வந்துவிட்டது. விதைநெல் மூட்டைகளை அப்பா தோளில் தூக்கி ஓடினார். வேலியோரம் கட்டியிருந்த கன்றை அவிழ்க்க எவருக்கும் நினைவு வரவில்லை. அவ்வளவு நல்ல வெயிலில் யாருக்கு வரும்? கயிறோடு போனது அது.

நிசாம் காக்காவுக்கு அடித்தேன்.

"வானம் கழுவி வெச்சாப்போல இரிக்கி தங்கச்சி. ஒரு பொட்டு முகில் இல்ல."

"மேல மலையில காலமயிருந்து ஊத்துதாம் காக்கா. பாதையும் மூடிட்டாம்."

ஏறாவூர்க்காரருக்கும் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"உன்னிச்சக் கத மாதிரியா?"

"ஓம். அதே கததான்."

"இஞ்ச மனேஜர் டவுனுக்குப் போயிட்டார், போனும் எடுக்கார் இல்ல. அவர் சொல்லாம ஆக்கள எழுப்பினா என்ட வேல போயிடும்." மூச்சு விட்டார். "கீழ பதினொரு கூடாரம் இரிக்கி. சரி, எழுப்புறன்."

நான் எழுந்து போய் ரகு சேரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ள, நாங்க ரிசர்வேஷன். தண்ணி ஒப்பரேஷன்ஸ்ட வேல."

"ஒப்பரேஷன்ஸ்ல ஆர் சேர் இருக்காங்க?"

"கேம்ப் மனேஜர்."

"அவர் டவுனுக்குப் போயிட்டாராம்."

"அப்ப அவர் வந்த பிறகு பாப்பார். நீங்க ஒரு ஈமெயில் போட்டு வையுங்க."

போட்டேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, கவனத்தில் எடுத்துள்ளோம் என்று இருந்தது.

பத்து நிமிடத்தில் நிசாம் காக்கா திரும்ப எடுத்தார். ஒருவரும் அசையவில்லையாம். மேலே கல் குத்துமாம். ஒரு கனவான், வெள்ளம் வரும் என்பதற்கு எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாராம். "அதுக்குப் பிறகு ஒரு பொய் சொன்னன் தங்கச்சி. மேல இலவச பார்பிகியூ எண்டன். இப்ப என்னத் தள்ளிட்டு ஓடுறாங்க."

உயிருக்கு நகராத கால்கள் இறைச்சிக்கு நகர்ந்தன. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

"ஒரு குடும்பத்த மட்டும் காணல்ல" என்றார். "கடைசிக் கூடாரம். வளைவுக்கு அங்கால, நல்ல தூரம். நான் ஜீப்ப எடுத்துட்டுப் போறன். அவங்கட இடத்தில சிக்னல் இரிக்கி. நீ சுறுக்கா கோல் எடு."

புக்கிங்கைப் பார்த்தேன். கார்த்திகேயன் என்று இருந்தது. சென்னைக்காரர், துபாயில் வேலை. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். எடுத்த எடுப்பில் தமிழில் பேசினேன்.

"சேர், கேம்ப் ரிசர்வேஷன்ல இருந்து பேசுறன். உடனே குடும்பத்தோட மேல ஏறுங்க. வெள்ளம் வருது."

"வெள்ளமா? மேடம், இங்க வெயில் மண்டையப் பொளக்குது. நீங்களும் கேம்ப்லதானே இருக்கீங்க? கொஞ்சம் வெளிய வந்து வானத்தப் பாருங்க."

தினமும் நல்ல உச்சரிப்போடு நான் சொல்லி வந்த பொய், அன்று என் முன்னாலேயே வந்து வழியை மறித்து நின்றது.

"நான் கேம்ப்ல இல்ல சேர். இலங்கையில, மட்டக்களப்பில இருக்கிறன்."

என் பின்னால் வந்து நின்ற ரகு சேர் தலையில் கைவைத்தார்.

"ஸ்ரீலங்கால உக்காந்துக்கிட்டு இங்க வெள்ளம் வருதுன்னு சொல்றீங்க?"

"ஓம் சேர். மேல மலையில மழை. பிள்ளைகள் எங்க?"

"இங்கதான் விளையாடுறாங்க. சின்னதா தண்ணி ஓடுது. காலையில இல்ல, இப்பதான் வந்துச்சு. பாக்க அழகா இருக்கு."

"தண்ணி என்ன நிறம்?"

"நிறமா? டீ மாதிரி இருக்கு. குச்சி, சருகெல்லாம் மெதந்து வருது."

அதன்பிறகு நான் பேசியது ஸ்கிரிப்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"ரெண்டு பிள்ளையையும் தூக்குங்க. இப்ப தூக்குங்க. கூடாரம் வேணாம், செருப்பு வேணாம், ஒண்டும் எடுக்க வேணாம். பக்கத்தில எது உயரமோ அதில ஏறுங்க. போன வெட்டாதீங்க."

அவர் மனைவியைக் கூப்பிட்டது கேட்டது. ஓடுவது கேட்டது. கல் சரிந்தது. ஒரு பிள்ளை மணல் வாளிக்காக அழுதது. பிறகு டிப்பரில் இருந்து கருங்கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். அது நிற்கவே இல்லை. லைன் அறுந்தது.

நான் திரும்பத் திரும்ப அடித்தேன். போகவில்லை. நிசாம் காக்காவின் போனும் போகவில்லை. அதற்குள் இன்னொரு கோல் தானாகவே இணைந்தது. காலைச் சாப்பாட்டில் சைவம் இருக்குமா என்று ஒருவர் கேட்டார். இருக்கும் என்றேன். முட்டை சைவத்தில் சேருமா என்று கேட்டார். அதற்கும் ஏதோ சொன்னேன். ரகு சேர் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எங்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அரை மணித்தியாலம் சென்றிருக்கும். நிசாம் காக்கா.

"நாலு பேரும் இரிக்காங்க தங்கச்சி. பாறையில ஏறி நிண்டாங்க. நான் சின்னப் பிள்ளையக் கையில வாங்கி மேல விட்டன். ஜீப்தான் போயிட்டு. கூடாரம் ஒண்டும் இல்ல, அடுப்பும் இல்ல."

"மத்த ஆக்கள்?"

"எல்லாரும் மேல இரிக்காங்க. பார்பிகியூ எங்க எண்டு கேக்காங்க."

சிரித்தேன். பிறகு வொஷ்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

கடிதம்

கம்பனியின் இணையப் பக்கத்தில் "எமது முன்னெச்சரிக்கை ஏற்பாடுகள்" என்று ஒரு புதிய பகுதி வந்தது. அப்படி ஏற்பாடுகள் இருப்பதை நானும் நிசாம் காக்காவும் அதை வாசித்துத்தான் அறிந்துகொண்டோம். மூன்று விருந்தினர்கள் ஒரு நட்சத்திரம் தந்தார்கள். வாக்களித்த இறைச்சி வரவில்லையாம். கீழே இருந்த மணலில் கூடாரம் அடிப்பதை நிறுத்தினார்கள். காரணம், "விருந்தினர் வசதி கருதி."

கார்த்திகேயன் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கிழமை கழித்து அவர் மனைவி அழைத்தார்.

"அந்த ஸ்ரீலங்கா அக்காவா?"

"ஓம், நான்தான்."

"சின்னவ இப்பவும் குழாயத் தெறந்தா அழறா." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் லைனில் இருந்தோம். விருந்தினரோடு பேசாமல் இருந்த நேரம் என்று அது என் மாத அறிக்கையில் குறைபாடாகப் பதிவாகியது.

பிறகு கடிதங்கள் வந்தன. நிசாம் காக்காவுக்கு ஜீப்பைப் பற்றி ஒன்று. எனக்கு மூன்று குற்றங்களோடு ஒன்று: பணியிடம் எங்கே என்பதை வெளியிட்டது, வேறு பிரிவின் வேலையில் தலையிட்டது, விருந்தினரிடம் குரலை உயர்த்தியது. ரகு சேர் அதை என் முன்னால் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இனி இப்பிடிச் செய்யமாட்டன் எண்டு கீழ ஒரு வரி எழுதி சைன் பண்ணுங்க பிள்ள. சும்மா ஒரு ஃபைலுக்குத்தான்."

"எழுத ஏலா சேர்."

"ஏன்?"

"திரும்பவும் மழ பெய்யும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருடைய வீடும் இரண்டு தடவை இடுப்பளவு தண்ணீரில் நின்ற வீடுதான். கடிதத்தை எடுத்து மடித்து, கையெழுத்து இல்லாமலே கோப்புக்குள் வைத்தார். மேலிடத்தில் இருந்து யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஆகவே பிள்ளைகளே, ஸ்கிரிப்டை நன்றாகப் பாடமாக்குங்கள். சம்பளம் அதற்குத்தான். தெரியாத இடத்தைத் தெரிந்ததுபோலப் பேசப் பழகுங்கள். அதற்கு வருடக் கடைசியில் சான்றிதழும் தருவார்கள். ஆனால் ஏதாவது ஒன்று உங்களுக்கு உண்மையாகவே தெரியும் என்றால், அது எந்தப் பிரிவின் வேலை என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். சொல்லிவிடுங்கள். கடிதம் வரும். வாங்கிக்கொள்ளுங்கள்.