அடி கனத்த கப்பு

இந்த ஊரில் காலைக் காப்பியைக் கிண்ணத்தில் குடிக்கிறார்கள். கிண்ணம் என்றால் நாம் ரசம் ஊற்றிக்கொள்ளும் கிண்ணம் அல்ல. நம் வீட்டில் பத்துப் பேருக்குச் சட்னி எடுத்து வைக்கிற அளவு. அதற்குப் பெயர் ‘போல்’. ஆளுக்கு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி, வெண்ணெய் தடவிய ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். பாரிசுக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு நான் வந்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. இன்னமும் நிறைந்த போலைப் பார்த்தால் எனக்குள் இருக்கும் விருத்தாசலத்துக்காரி, அடியம்மா இத்தனை பாலா என்று வாயைப் பிளக்கிறாள்.

வந்த முதல் வாரமே எதிர்வீட்டு மதாம் ரொஸ் என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டார். ஒரு போல் நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தார். ஒருத்திக்கு அவ்வளவு இருக்க முடியாது, எனக்கும் வேலைக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் தருகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இரண்டு விரலைக் காட்டி, பங்கு பிரித்து ஊற்றுவதுபோல் கையால் ஜாடை செய்தேன். அவர் போலை எடுத்து முகர்ந்து பார்த்தார். பாலில் ஏதோ விழுந்துவிட்டது, அதைக் கொட்டச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது. “பர்தோன், பர்தோன்” என்று மன்னிப்புக் கேட்டபடி அத்தனை காப்பியையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கழுவித் துடைத்து மறுபடியும் நிறைத்து வைத்தார். பால் அப்படி ஓடுவதைப் பார்த்ததும் ஏந்திப் பிடிக்கப் போவதுபோல இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். அம்மா பார்த்திருந்தால் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் என் பதைப்பு உங்களுக்குப் புரியாது. அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். வீட்டில் ஏழு பேர், வாங்குவது அரைப்படிப் பால். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று தெருவில் அம்மாவைச் சொல்வார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்தினாளே தவிர, எங்கள் ஒருவர் வயிற்றையும் அவள் வாட விட்டதில்லை. சோப்பு வாங்கினால் நூலால் மூன்றாக அறுத்துப் பரண்மேல் ஒரு மாதம் காயப் போடுவாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. ஆனால் அவளுடைய முழுத் திறமையும் தெரிந்தது கப்பு வாங்குவதில்தான்.

எங்கள் ஊரில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால், கோணிப்போனதையும் புள்ளி விழுந்ததையும் குவித்து வைத்துக் கூறு கட்டி விற்பார்கள். ஊரில் பாதி வீடுகளில் புழங்கியது இந்தச் செகண்ட்ஸ் சாமான்தான். மற்றப் பெண்கள் ஒவ்வொரு கப்பையும் விரலால் சுண்டி, விரிசல் இல்லாமல் கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்த்து எடுப்பார்கள். அம்மா அதோடு விடமாட்டாள். ஒரு விரலை உள்ளே விட்டு, இன்னொரு விரலை வெளியே வைத்து அடியின் கனத்தைப் பார்ப்பாள். அச்சில் ஊற்றிய மண்கரைசலை நேரத்தில் வடிக்காமல் விட்டுவிட்டால், கப்பின் அடி கனத்துப்போகும். வெளியே பார்த்தால் முழுக் கப்பு, உள்ளே பிடிப்பது முக்கால்தான். அம்மாவுக்கு வேண்டியது அந்தக் கப்பு.

கூறு கட்டுகிற ஆள் ஒருமுறை கேட்டே விட்டார். “எல்லாரும் லேசா இருக்குறதப் பாத்து எடுக்குறாங்க. நீங்க என்னாம்மா கல்லு கல்லாப் பொறுக்குறீங்க?”

“புள்ளைங்க கீழ போட்டா ஒடையக் கூடாதுல்ல” என்றாள் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அப்படித்தான் எங்கள் வீட்டு அரைப்படிப் பால் ஏழு பேருக்கும் விளிம்பு நிறையக் காப்பியாக வந்தது. குறைந்த கப்பை எதிரில் வைத்தால் மனசு சுருங்கிப்போகும் என்பாள். அவளுடைய கப்புதான் எல்லாவற்றிலும் மோசம். பிடி கோணலாக, அடி இரண்டு விரல் கனத்துக்கு இருக்கும். சரியாக இரண்டு மடக்கு.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இந்தக் கெட்டிக்காரத்தனமே எங்களுக்கு வினையாகப் பார்த்தது. அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே போடவில்லை. இது மூன்றாவது இடம். புதுச்சேரிக் குடும்பம், பையனுக்குப் பிரான்சில் மோட்டார் தொழிற்சாலையில் வேலை. இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஐந்து பேர் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா எதிர்வீட்டு ரயில்வே கிளார்க் வீட்டில் ஆறு நல்ல கப்பு இரவல் வாங்கி வைத்தாள். வந்து இறங்கியதோ எட்டுப் பேர். வேறு வழியில்லாமல் எங்கள் கப்பில் இரண்டு தட்டில் ஏறின. அவசரத்தில் அதில் ஒன்று அம்மாவின் கப்பாகிவிட்டது.

நான் தட்டை நீட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை பெரியவர்களை எல்லாம் முதலில் எடுக்கச் சொன்னார். கடைசியில் அவருக்கு மிஞ்சியது அந்தக் கோணல் கப்பு. இரண்டு மடக்கு குடித்தார். முடிந்தது. அவருடைய அம்மா அப்போதுதான் முதல் வாய் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரையும் பாத்திரத்தையும் கண்ணால் அளந்துகொண்டிருந்த அந்த அம்மாள், மகன் கப்பைக் கீழே வைத்தால் எட்டிப் பார்த்து அடியின் கனத்தைக் கண்டுபிடிக்காமல் இருக்கமாட்டார். மாப்பிள்ளைக்கு அரைக் கப்புக் காப்பி கொடுத்த வீடு என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். கதவிடுக்கில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அவர் கீழே வைக்கவில்லை. வெறும் கப்பை உதட்டுக்குக் கொண்டுபோனார், இறக்கினார், அப்பா ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னார், மறுபடியும் உதட்டுக்குக் கொண்டுபோனார். எல்லாரும் குடித்து முடிக்கும்வரை இப்படியே நடந்தது. நான் தட்டோடு போனபோது கப்பைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, “காப்பி நல்லா இருந்துதுங்க” என்றார்.

அவர்கள் வண்டி ஏறிப் போனதும் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். “இந்தப் புள்ளயே கட்டிக்க. வெறுங் கப்ப வச்சிக்கிட்டு என் மானத்தக் காப்பாத்திச்சி” என்றாள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. கூச்சத்தில் குடித்தது குடிக்காதது தெரியாமல் உட்கார்ந்திருந்த ஆளாகவும் இருக்கலாம் இல்லையா? கல்யாணம் ஆகிவிட்டது. நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கேட்டு, கூச்சம்தான் என்று தெரிந்துவிட்டால் அம்மாவின் மாப்பிள்ளை ஒரு படி இறங்கிவிடுவாரே என்று பயம்.

கிளம்பும்போது அந்தக் கப்பைக் கேட்டேன். “சீமைக்குப் போறவ இந்தக் கோணக் கப்பயா எடுத்துக்கிட்டுப் போவ?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தானே பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். “அவரு கண்ணுல மட்டும் காட்டிடாத” என்றாள். அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இங்கே வந்ததும் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

இந்த வருஷம் தொழிற்சாலையில் இவருடைய வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். இங்கே இருக்கிற நம் ஆட்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான். ஊருக்கு எழுதும்போது மட்டும் ஒருவரும் இதை எழுதுவதில்லை. நானும் சிக்கனத்தைத் தொடங்கினேன். சோப்பை அறுத்து அலமாரிமேல் காய வைத்தேன். அதைப் பார்த்த மதாம் ரொஸ் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். அவருடைய பீரோவின் மேலே, மர்சேய் சோப்புக் கட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன! சண்டைக் காலத்தில் அவருடைய அம்மா கற்றுக்கொடுத்ததாம். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. சோப்பு வேண்டும் என்று அழுகிறேனாக்கும் என்று நினைத்து ஒரு கட்டியைக் கையில் திணித்து அனுப்பினார். மறுக்க எனக்கு பாஷை போதவில்லை.

பால்தான் பிரச்சினை. மகளுக்கு நாலு வயசு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அவளுக்கும் போல் நிறையப் பால் வேண்டும், குடித்து முடித்ததும் ‘அங்கோர்’ என்பாள், இன்னும் கொடு என்று. அதனால் இவர் வேலைக்குப் போன பிறகு நான் ஒளித்து வைத்த கப்பை எடுத்து என் காப்பியைக் குடிக்கத் தொடங்கினேன். விளிம்பு நிறைய ஊற்றி, இரண்டு மடக்கு. அம்மா சொன்னது சரிதான், மனசு சுருங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். மகள் போலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். என் இடத்தில் இன்னொரு போல், தட்டுப் போட்டு மூடியிருந்தது; திறந்தால் நிறையக் காப்பி. எதிரில் இவர் உட்கார்ந்து மகளிடம் கதை பேசிக்கொண்டிருந்தார். கையில், நான் ஒளித்து வைத்திருந்த அம்மாவின் கப்பு. உதட்டுக்குக் கொண்டுபோனார், இறக்கினார், அவள் ஏதோ கேட்கப் பதில் சொன்னார், மறுபடியும் கொண்டுபோனார். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். கப்பு காய்ந்து கிடந்தது.

இவர் நிமிர்ந்து பார்த்தார். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் கப்பைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். “காப்பி நல்லா இருந்துதுங்க” என்றார். பிறகு மெதுவாக, “அத்தைக்கு மட்டும் எழுதிடாத” என்றார்.

நான் எழுதவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னால் சொல்லட்டும். அது கூச்சமில்லை, அவள் பார்த்த மாப்பிள்ளை அவள் பார்த்த மாப்பிள்ளைதான். அன்றைக்கு அந்தக் கப்பைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தேன். மேல் பாதியில் இந்த ஊர்ப் பால் பிடிக்கும். கீழ்ப் பாதி முழுக்க எங்கள் ஊர் மண்.