ராசியில்லாத செட்

அப்பா வைத்திருந்த ஓர் இசைத்தட்டைத் தேடி ஆரப்பாளையத்தில் நான்கு பழைய சாமான் கடைகள் ஏறி இறங்கிய நான், நேற்று ஐந்தாவதில் அந்தத் தட்டைக் கண்டேன்.

“ரெண்டு பக்கமும் அம்புட்டு அருமையான பாட்டுய்யா,” என்றார் கடைக்காரர்.

அதன் அரக்கு வாசனை அப்பாவின் ரேடியோ செட் கடைக்கு இழுத்துப்போனது: சூடேறிய ஆம்ப்ளிஃபயர், சுவரில் தொங்கும் ஒன்பது குழாய் ஒலிபெருக்கிகள், ஓயாத ஊசியின் கரகரப்பு. இதே தட்டில் ஒரு பக்கம் கல்யாண வீட்டுக்கு, மறுபக்கம் சாவு வீட்டுக்கு. மேலூரில் ஒரு கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் அப்பா பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார்.

“யோவ், இங்க எவன் செத்துட்டான்னு இதப் போடுற?” என்று பெண்ணின் தாய்மாமன் ஊசியைப் பிடுங்கினார்.

அதன்பின் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, ராசியில்லாத செட்டாம். அந்த மாப்பிள்ளை இன்றும் ஏழு பேரப்பிள்ளைகளோடு திடமாக இருக்கிறார். அப்பாதான், கடையைப் பூட்டிய வருடமே போய்விட்டார்.