பத்மஸ்ரீக்கு ஒரு வெரிஃபிகேஷன்

1. கதவைச் சாத்தச் சொன்ன நாள்

இன்ஸ்பெக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். பெண் போலீஸ் உள்ளே நின்றால் கதவைத் திறந்தே வைக்கிற மனிதர் அவர். அதனால் என் மேல்தான் ஏதோ புகார் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏழுமலையைத் தெரியுமாம்மா?"

"எந்த ஏழுமலை சார்? பாடி எடுக்கிறவரா?"

"அவரேதான்."

நான் அப்போது பழவேற்காடு பக்கம் தனிப்பிரிவில் ஏட்டாக இருந்தேன். யூனிஃபார்ம் கிடையாது. ஊரில் யார் என்ன பேசுகிறார்கள், எங்கே தகராறு வரும் என்று காதில் வாங்கி எழுதுவதுதான் வேலை. ஏழுமலை ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு குப்பத்து மீனவர். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் குளிக்க வந்தவர்கள் யாராவது மூழ்கிவிட்டால், ஸ்டேஷனிலிருந்து முதல் போன் அவருக்குத்தான் போகும். ஃபைபர் போட்டை எடுத்துக்கொண்டு போய்த் தேடுவார். சில பேரை உயிரோடு கொண்டுவந்திருக்கிறார். பெரும்பாலும் உடலாகத்தான். எத்தனையோ வருஷமாக இதைச் செய்கிறார், அதற்கென்று யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

"கேஸா சார்?"

"இல்லம்மா. பத்மஸ்ரீ. யாரோ பேரு அனுப்பியிருக்காங்க, மேல பரிசீலனைல இருக்கு. ஆளு எப்படினு நம்மகிட்ட கேக்கறாங்க. வேற ஏஜென்சியும் தனியா விசாரிக்கும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதுவரை பத்மஸ்ரீ என்றால் சினிமாக்காரர்களுக்கும் பாட்டுக்காரர்களுக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் கொஞ்ச காலம் டெபுடேஷனில் டெல்லியில் இருந்தவர். ராஷ்டிரபதி பவனில் அந்த விழாவுக்கு பந்தோபஸ்து பார்த்தவர். அவர்தான் எனக்குக் கதை சொன்னார்.

"பட்டம் குடுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்ச நாடும்மா இது. வெள்ளைக்காரன் சர், ராவ் பகதூர்னு குடுத்து ஆளைப் புடிச்சு வெச்சிருந்தான்ல, அந்த பயம். அப்புறமும் சேவை செஞ்சவங்களை மதிக்கணுமேன்னு 1954ல பாரத ரத்னாவும் இதுவும் கொண்டாந்தாங்க. மொதல்ல பத்ம விபூஷணுக்கே மூணு வகுப்பு. அடுத்த வருஷமே மூணுக்கும் விபூஷண், பூஷண், ஸ்ரீன்னு தனித்தனி பேரு வெச்சிட்டாங்க. ஆட்சி மாறினப்போ ஒருதரம், கோர்ட்டு கேஸ் நடந்தப்போ ஒருதரம் நிறுத்தியும் வெச்சாங்க. இது பட்டமே இல்ல, பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ போட்டுக்கக் கூடாது. போட்டா திருப்பி வாங்கிடலாம்."

ஆரம்பத்திலிருந்தே நாடே சந்தேகத்தோடு பார்த்த ஒரு விஷயம் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் டிபார்ட்மென்ட்டிடம் அதற்கு வெரிஃபிகேஷன் கேட்பது பொருத்தம்தான்.

"அவருக்கும் தெரியக் கூடாது, ஊருக்கும் தெரியக் கூடாது" என்றார். "நல்லவர்னு எழுத நீ வேணாம். அட்வர்ஸா, அவருக்கு எதிரா ஏதாவது இருந்தா கொண்டா."

2. பாய் சொன்ன செயின்

குப்பத்தில் இறங்கியதுமே பேச்சு நின்றுவிட்டது. மப்டியில் போனாலும் என்னை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் ஏதோ கம்பெனிக்கு நிலம் அளக்கப்போகிறார்கள் என்று அந்தச் சமயம் ஒரு வதந்தி. அதற்காக வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஏழுமலையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"நல்ல மன்ஷன். இன்னாத்துக்கு கேக்கற?"

எல்லோரும் இதே இரண்டு வாக்கியம். ஊர் முழுக்க ஒரே மாதிரி நல்லது சொன்னால் எங்கள் தொழிலில் காது கூர்மையாகிவிடும். சொல்லிவைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று எனக்குப் பட்டது.

பழவேற்காடு பஜாரில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். தோணித்துறைக்குப் போகிறவர், வருகிறவர் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். மூன்றாவது தடவை போனபோது, டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செயின் விஷயமா வந்திருக்கியாம்மா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த வேலையில் அது ஒரு பழக்கம்.

அவரே சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் புருஷன் வீட்டுக்காரர்களோடு சுற்றிப்பார்க்க வந்து முகத்துவாரத்தில் மூழ்கிவிட்டாள். உடலை ஏழுமலைதான் கொண்டுவந்தார். கழுத்தில் இருந்த செயினைக் காணோம். புருஷனின் தம்பி கரையிலேயே சத்தம் போட்டான். எழுத்தில் புகார் கொடுக்கவில்லை, ஆனால் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போனான்.

"அன்னிலேந்து சில பேரு அவனை செயின் ஏழுமலைனுதான் சொல்றது. மூஞ்சிக்கு நேரா இல்ல."

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க பாய்?"

"கரையில நானும்தான் இருந்தேன். அவன் எடுத்ததை நான் பாக்கல. எடுக்காததையும் பாக்கல."

3. ஏழுமலை வீட்டில்

வேறு சாக்கு சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். கடலோரக் குப்பங்களில் புயல் எச்சரிக்கைக்காக போட் வைத்திருப்பவர்கள் பெயர் எழுதுகிறோம் என்றேன். அவர் மனைவி தேசராணி வாசலில் உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"புயலுக்கு எழுத தனிப்பிரிவு வராது மேடம். செயின்தானே?"

பொய் அங்கேயே முடிந்துவிட்டது. "ஆமாம்" என்றேன்.

"எடுக்கலனு சொன்னா பொய். எடுத்தேன். ஆனா என்னாண்ட இல்ல."

இத்தனை வருஷ சர்வீஸில் முதல் கேள்விக்கே ஒத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. பெரியதை மறைக்கச் சின்னதை ஒத்துக்கொள்கிறாரோ என்று தோன்றியது.

"யாராண்ட குடுத்தீங்க?"

"அத்த சொல்ல மாட்டேன். இட்டுனு போறதுனா இட்டுனு போ. வேட்டி மாத்திக்கினு வரேன்."

தேசராணி எறாவைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். "சொல்லித் தொலையேன்யா. என்னாண்டகூட சொல்லல மேடம். வித்தாரானா காசு இல்ல, வெச்சிருக்காரானா பொருளு இல்ல. எந்தச் சிறுக்கிக்குக் குடுத்தாரோ. இவ்ளோ வருசமா ஒரே பேஜாரு."

நான் கிளம்பி வந்துவிட்டேன். திருட்டு ஒப்புதல் என்று அன்றைக்கே எழுதியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். எழுத உட்கார்ந்தும் பேனா நகரவில்லை. தப்பிக்க நினைக்கிறவன் வேட்டி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டான்.

4. ஆரம்பாக்கம்

மறுபடியும் பாய் கடைக்குப் போய், அன்றைக்குக் கரையில் செத்தவள் வீட்டார் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். புருஷன் வீட்டுக்காரர்கள் கூட்டமாக இருந்தார்களாம். செத்தவள் பக்கம் ஒரே ஆள்தான், ஆரம்பாக்கத்திலிருந்து சேதி கேட்டு ஓடிவந்த அக்கா. அந்த அக்காதான் பிறகு செத்தவளின் மகளை வளர்க்கிறாள் என்றும் பாய் கேள்விப்பட்டிருந்தார்.

ஆரம்பாக்கத்தில் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது ஆனது. அந்த அம்மா கொல்லையில் கீரை பறித்துக்கொண்டிருந்தார். போலீஸ் என்று சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொல்லவில்லை.

"உங்க தங்கச்சி செயின் பத்தி..."

"இன்னா செயின்? எனக்கு ஒண்ணியும் தெரியாது."

"ஏழுமலைனு ஒருத்தர்..."

"அவரு யாருன்னே தெரியாது."

பேசிக்கொண்டிருக்கும்போதே செத்தவளின் மகள் வந்தாள். காலேஜிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவள், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். கழுத்தில் பழைய மாடலில் ஒரு செயின். பெரியம்மா சட்டென்று குறுக்கே வந்து நின்றார்.

"கவரிங்" என்றார், நான் கேட்காமலே.

"கவரிங் இல்ல" என்றாள் அந்தப் பெண். "எங்கம்மாவோடது. போதும் பெரிம்மா. அவரு இன்னும் திருடன் பேரு வாங்கிக்கினு இருக்காரு."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார். அன்றைக்கு போட் கரை தட்டுவதற்கு முன்பே, தங்கச்சி முகத்தைப் பார்க்க, 'புள்ளையை விட்டுட்டுப் போயிட்டியே' என்று கத்திக்கொண்டே இவர் தண்ணீரில் இறங்கி ஓடியிருக்கிறார். கரையில் கொழுந்தன்காரன் அழுவதற்கு முன்னால் செயின் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது போட் வரைக்கும் கேட்டதாம். ஏழுமலை குனிந்து செயினைக் கழற்றி இவர் கையில் வைத்து மூடியிருக்கிறார்.

"'இது புள்ளைக்கு. யாராண்டயும் சொல்லாத, நானும் சொல்லல'ன்னாரு. அவ்ளோதான். அப்புறம் அவரை நான் பாக்கவே இல்ல. சொன்னா அவங்க வந்து புடுங்கிக்குவாங்கன்னு பயம். நீங்க எழுதினா இப்பவும் வருவாங்களா?"

"இது கோர்ட்டுக்குப் போறது இல்ல. ரகசிய அறிக்கை. உங்க பொண்ணும் மேஜர் ஆயிட்டா, தாயோட பொருளை அவகிட்டேந்து யாரும் புடுங்க முடியாது."

அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. பஸ் ஏறும் வரை அந்தப் பெண் கூட வந்தாள். அவளுக்கு ஒரே கேள்விதான். "இத்தினி வருஷம் கழிச்சு எதுக்குக் கேக்கறீங்க?" "மேல கேட்டிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

5. அறிக்கை

உண்மை கிடைத்துவிட்டது. அதில்தான் சிக்கலும். சவத்தின் மேல் இருக்கிற பொருளை இன்க்வெஸ்ட்டுக்கு, அதாவது போலீஸ் பிரேத விசாரணைக்கு, முன்னால் யாரும் தொடக் கூடாது. ஏழுமலை திருடன் இல்லை. ஆனால் சட்டப்படி அவர் செய்தது தப்பு. எழுதினால் அட்வர்ஸ். எழுதாமல் விட்டு இன்னொரு ஏஜென்சி கண்டுபிடித்தால் என் மேல் சந்தேகம் வரும்.

நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். எடுத்தார், யாருக்குக் கொடுத்தார், ஏன் கொடுத்தார், எடுத்திருக்கக் கூடாது, எல்லாம். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார்.

"அவருகிட்டேந்து உன் வீட்டுக்கு எறா ஏதாவது வந்துச்சாம்மா?"

"சார்?"

"கேக்கறது என் வேலை. 'செயின் வாரிசிடம் சேர்ந்தது'ன்னு எழுதியிருக்க. ஊருல சில பேரு திருடன்னு சொல்ற ஆளை நீ காப்பாத்தற மாதிரி இருக்கு."

"அந்தப் பொண்ணு கழுத்துல பாத்துட்டுதான் எழுதினேன் சார். தப்புனும் எழுதியிருக்கேனே."

அவர் மேலே எப்படி அனுப்பினார், தன் பங்குக்கு என்ன சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் பட்டியலில் ஏழுமலை பெயர் வந்தது.

6. வெண்கலம்

டெல்லியிலிருந்து அவர் திரும்பி வந்த அன்று எனக்குக் குப்பத்தில் பந்தோபஸ்து. பதக்கம் கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது. வட்டமான வெண்கலம். நடுவில் புடைத்த தாமரை, மேலே பத்ம, கீழே ஸ்ரீ என்று இந்தி எழுத்து. பின்பக்கம் சிங்க முத்திரை. வெள்ளைக் கோடு போட்ட ரோஸ் ரிப்பன். கூடவே ஜனாதிபதி கையெழுத்தும் முத்திரையும் போட்ட சனத் என்கிற சான்றிதழ், விழாக்களில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன நகல்.

"தங்கம் இல்லியா?" என்று ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வெண்கலம்தான்" என்றேன்.

"எல்லாருக்கும் வெண்கலமா, இவன் மீன்காரன்னு மாத்தி குடுத்துட்டானுங்களா?"

எல்லோருக்கும் இதேதான் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. ரயில் பாஸ் கிடையாது, பணம் கிடையாது என்றதும் சந்தேகம் இன்னும் அதிகமானது.

வாசலில் 'பத்மஸ்ரீ ஏழுமலை' என்று பெரிய பேனர். அப்படிப் போடக் கூடாது, எடுத்துவிடுங்கள் என்றேன். வாலிபர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்களுக்கு ஒண்ணு கெடச்சா உங்களுக்குப் பொறுக்காதா மேடம்?" என்றார் தேசராணி.

"பேரோட சேத்துப் போட்டா மெடலைத் திருப்பி வாங்கிடுவாங்கம்மா. இவருக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அதே ரூல்."

ஏழுமலைதான் கையைக் காட்டிக் கூட்டத்தை அடக்கினார். பேனரில் முதல் சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போனார். ஆரம்பாக்கத்திலிருந்து அந்தப் பெண்ணும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். தேசராணி அந்தப் பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் கையைப் பிடித்து உள்ளே சாப்பிடக் கூட்டிப்போனதைப் பார்த்தேன்.

"அன்னிக்கி நீ வந்தது இதுக்கா?" என்று கேட்டார் ஏழுமலை.

தலையாட்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாது."

"அதுவும் நல்லதுதான். மெடலுனு சொல்லியிருந்தா, செயினை நான் எடுக்கவே இல்லனு பொய் சொல்லியிருப்பேன்."

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு காலேஜ் பையன் மூழ்கினான். ஏழுமலை உடலைக் கண்டுபிடித்தார், ஆனால் கரைக்குக் கொண்டுவரவில்லை. போட்டை ஆழமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். "நீ வந்து பாத்து எழுதிக்கோ மேடம். கையில இன்னா, கழுத்துல இன்னானு. அப்புறம்தான் கரை." இடுப்பு வரை நனைந்துகொண்டு போய் எழுதினேன். கையில் ஒரு வாட்ச், கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு.

தனிப்பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுங்கள், சம்பளம் அதற்குத்தான். ஆனால் கரையில் நின்றுகொண்டு எழுதாதீர்கள். தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.