நூறாவது ஜோடி

குஜிலியம்பாறைப் பக்கம் கடலைக் காட்டில் பிறந்து, மதுரையில் சட்டம் படித்து, ஏழு ஊர்த் தண்ணி குடித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தவர் பெரியகருப்பன். குடும்ப நீதிமன்றத்தின் முதன்மை நீதிபதி. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மார்ச்சோடு ஓய்வு. அதற்குள் தொண்ணூற்றொன்பது ஜோடிகளைச் சேர்த்து வைத்திருந்தார். சேர்ந்தவர்கள் எத்தனை நாள் சேர்ந்திருந்தார்கள் என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அவருடைய வைத்தியம் ஒன்றுதான். பிரிய வந்தவர்களை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து ஒரே இலையில் சாப்பிடச் சொல்வார். கை கழுவி வந்ததும், "மனசு இளகிருச்சுல்ல?" என்பார். ஐயாவே கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கேஸ் பைசல்.

வழியனுப்பு விழாவுக்கு, 'நூறு குடும்பங்களை இணைத்த குலவிளக்கே' என்று வக்கீல்கள் பிளக்ஸே அடித்துவிட்டார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஒரு ஜோடி குறைந்தது.

மிச்சமிருந்ததும் ஒரே கேஸ். வேடசந்தூர் நூல் மில்லில் வேலை பார்க்கும் அமலராணி விவாகரத்து கேட்டிருந்தாள். மூன்று வருஷமாகப் பிரிந்திருக்கும் புருஷன் கஸ்பார், மில்லை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று முரண்டு பிடித்தான்.

நீதிபதி தன் கைக்காசில் மட்டன் பிரியாணி வாங்கி வரச் சொன்னார். டவாலி சடையாண்டி இலை விரித்துப் பொட்டலத்தைப் பிரித்தான். வராந்தாவே மணத்தது. செத்த நேரம் கழித்து நீதிபதி வந்து பார்த்தார். ஒரு பருக்கை குறையவில்லை.

"ஏன், கையே வைக்கலை?"

"தவக்காலத்து வெள்ளிங்கய்யா. கறி சாப்பிட மாட்டோம்." இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

நீதிபதி முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாம்மா! ரெண்டு பேருக்கும் ஒரே மனசு. இதுக்கு மேல என்ன வேணும்? சடையாண்டி, கிளார்க்கைக் கூப்பிடு."

அமலராணி எழுந்தாள். "அய்யா, இன்னிக்குக் கறி வேணாங்கிறதுல எங்க மாதா கோயில்காரங்க அம்புட்டுப் பேரும் ஒரே மனசுதான். அதுக்காக அம்புட்டுப் பேரு கூடவும் குடும்பம் நடத்த முடியுமா?"

சடையாண்டி இருமுவதுபோல் சிரித்தான். கஸ்பாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி நக்கலு? நீ இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காதா? போடி, எனக்கும் நீ வேணாம். எங்க கையெழுத்துன்னு காட்டச் சொல்லு, போடுறேன்."

"கேட்டுக்கிட்டீங்களாய்யா?" என்றாள் அமலராணி.

நீதிபதி பதறிப்போய் அவன் தோளைப் பிடித்தார். "கோவத்துல பேசாத அப்பு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சேந்துக்க. எதுன்னாலும் திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"திங்கக்கிழமை நீங்க இருக்க மாட்டீங்களேய்யா."

அமலராணி வாசலில் தொங்கிய பிளக்ஸைக் காட்டினாள். கஸ்பாரோ கையெழுத்துப் போடாமல் நகர மாட்டேன் என்று நின்றான். நீதிபதி உள்ளே போய் உட்கார்ந்து, இருவரும் சம்மதித்துப் பிரிகிற மனுவை எந்த வாசகத்தில் ஆரம்பிப்பது என்று கிளார்க்கிடம் மெதுவாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அதை அவர் வாசித்துக்கூடப் பார்த்ததில்லை.