கடைசி ஸ்டாப்புக்கு ஆகிற டீசல்

என்ஜினை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டு நிற்கும் ஒரு வேன். டீசல் விலை ஏறியது என்று எங்கே செய்தி கேட்டாலும் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், குண்டடம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு மண்பாதை பிரிகிறது. வேலை விட்டு இருட்டில் திரும்பும்போது டிரைவர் அண்ணன் அங்கே வண்டியைத் தாரிலிருந்து கீழே இறக்கி, அதன் முகம் மண்பாதையைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்துவார். சாவியைத் திருகியதும் அதுவரை எங்கள் பேச்சையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்த இரைச்சல் நின்று, தூரத்துக் காற்றாலைகள் சுற்றுவது கேட்கும். நாங்கள் கடைசி ஸ்டாப் அக்கா என்று கூப்பிட்டவர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நடந்து போவார். வெளிச்சம் முடிகிற இடத்தில் ஒரு வேலமரம். அங்கே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கிக் காட்டுவார். அண்ணன் அதற்குப் பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். "வெளக்கு டீசல் குடிக்காது தம்பி, பேட்டரிதான்" என்று என்னிடம் விளக்கம் சொல்வார், நான் கேட்காதபோதும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கிளம்பி கொச்சியில் ஓட்டல், ஓசூரில் செங்கல் சூளை, மறுபடி கொச்சியில் மூட்டை தூக்குவது என்று சுற்றிவிட்டுத் திருப்பூருக்கு வந்தபோது முப்பது வயது. பல்லடம் தாண்டித் திருப்பூர் சாலையில் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி மேசை கிடைத்தது. குண்டடத்தை ஒட்டிய ஒரு கோழிப்பண்ணையில் இரவில் காவலுக்குப் படுத்தால் வாடகை இல்லை என்றார்கள். கோழிப்பண்ணை நாற்றம் மூன்று நாளில் பழகிவிடும். அங்கிருந்து கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனில் நானும் ஒரு ஆள். வேன் அண்ணனுக்குச் சொந்தம், தவணை தீராத சொந்தம். மாதத்துக்கு இவ்வளவு என்று கம்பெனி கொடுக்கும், டீசல் அவர் பாடு. மாலையில் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு நானும் அவரும்தான் மிஞ்சுவோம், அவர் வீடும் என் பண்ணையும் அடுத்தடுத்து என்பதால்.

கடைசி ஸ்டாப் அக்கா எங்கள் கம்பெனியில் பனியன் துண்டுகளை ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் டைலர். அவர் இருந்த காலனி மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே. கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். அக்கா காலையில் அவரைத் துடைத்துத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருவார். மாலையில் வீடு போனதும் முதல் வேலையாக மறுபடி திருப்பிவிட வேண்டும். அதனால் மற்றப் பெண்களைப் போலத் திருப்பூரில் அறை எடுத்துத் தங்க வழியில்லை. பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதுதான், ஆனால் அந்தப் பாதைக்கு எந்த பஸ்ஸும் வருவதில்லை. நான் சேர்ந்தபோது வேன் காலனிவரை உள்ளே போய்வந்தது, அப்படிப் போனால்தான் அவருக்கு வேலை. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். கம்பெனி மேனேஜருக்கும் தெரியும்.

டீசல் விலை தினமும் காலை ஆறு மணிக்கு மாறும். அதனால் அண்ணன் ஐந்தரைக்கே பங்க்கில் போய் நிற்பார். அவரைப் போலவே பால் வண்டி, காய்கறி வண்டி, கோழி வண்டி எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு நாள் காத்திருந்து இவர் முறை வரும்போது மணி ஆறு தாண்டிவிட்டது. "ஏனுங்க, உங்க இஷ்டத்துக்கு ஏத்தறீங்களா?" என்று டீசல் போடும் ஆளிடம் சண்டைக்குப் போய்விட்டார். "எங்க இஷ்டமாங்ணா? நான் தூங்கிட்டிருந்தாலும் மெசினு தானா மாத்திக்குது. நீங்க என்னைய அடிச்சாலும் அதுக்கு வலிக்காதுங்க" என்றார் அந்த ஆள். அண்ணன் சிரித்துவிட்டார். கோபப்பட ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை என்ற சிரிப்பு அது.

விலை ஏறுவதற்கு ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எங்கோ போர், அதனால் கப்பல் வரவில்லை என்றார் டீக்கடைக்காரர். டாலர் ஏறிவிட்டது என்றார் மேனேஜர். டாலர் ஏறினால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு லாபம்தானே, அதில் கொஞ்சம் வேனுக்குக் கொடுக்கலாமே என்று அண்ணன் கேட்டதற்கு, "நூலு ஏறிப் போச்சுங்க, சாயப்பட்டறைக் கூலி ஏறிப் போச்சுங்க, சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் மட்டும் பீசுக்கு ஒரு பைசா ஏத்த மாட்டேங்கறான்" என்று பதில் வந்தது. உலகத்தில் எண்ணெய் மலிந்து கிடந்த ஒரு காலத்தில் இங்கே குறையவில்லையே என்று கேட்டால், அப்போது வரியைக் கூட்டிவிட்டார்கள் என்றார்கள். டெல்லி சென்னையைக் கை காட்டும், சென்னை டெல்லியைக் கை காட்டும். கொச்சியில் எண்ணெய் சுத்தம் செய்யும் ஆலைக்குப் பக்கத்திலேயே நான் மூட்டை தூக்கியிருக்கிறேன். அங்கேயும் பங்க்கில் இதே புலம்பல்தான் கேட்டது.

அரசாங்கம் தலையிட வேண்டுமா என்பதில் வேனுக்குள் தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். "பஸ் டிக்கெட்டுக்கு ரேட்டு போடறாங்க, கரண்டுக்கு ரேட்டு போடறாங்க. டீசலுன்னா மட்டும் எங்களுக்கென்ன தெரியும்னு கைய விரிச்சர்றாங்க. அப்பறம் எதுக்குங்க கவர்மெண்ட்டு?" என்பார் அண்ணன். பின்னால் இருந்து மறுப்பது யாரென்று பார்த்தால் கடைசி ஸ்டாப் அக்காதான். "என்ற ஊட்டுக்காரருக்கு மாசாமாசம் கவர்மெண்ட்டுப் பணம் வருதுங்ணா. அதைய எதுலிருந்து எடுத்துக் குடுப்பாங்க? உங்க டீசல்லதான் எடுப்பாங்க." "அப்ப நான்தான் உன்ற ஊட்டுக்காரருக்குச் சோறு போடறனா?" "ஆமாங்ணா, எச்சா ஓட்டுங்க. இன்னும் ரெண்டு நோட்டு எச்சா வரட்டும்" என்பார். வேனே சிரிக்கும். அவர் சொன்னதில் பொய் இல்லை. அண்ணன் சொன்னதிலும் இல்லை. அன்றைக்கும் எனக்கு எது சரி என்று தெரியவில்லை. அரசாங்கம் தலையிடலாமா கூடாதா என்று கேட்பதே வீண் என்றுதான் இப்போது தோன்றுகிறது. விலைக்குள்ளே அதன் கை ஏற்கெனவே இருக்கிறது. எடுப்பதற்கு எட்டுகிற அந்தக் கை, மண்பாதைக்குள் ஒரு பஸ் விடுவதற்கு எட்டவில்லை.

விலை ஏறியதற்கு அண்ணன் வாடகையைக் கூட்டிக் கேட்டபோது முதலில் மேனேஜர், ஒரு பொம்பளைக்காக உள்ளே போய்வர வேண்டாம், ரோட்டிலேயே இறக்கிவிடுங்கள் என்றார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, சொந்த டீசலில் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் தேர்தல் வந்தது. தேர்தல் நேரத்தில் விலை அசையாது என்பது பங்க்கில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் உத்தரவு போட்டதாகச் செய்தி வராது, ஆனால் அசையாது. வாரக் கணக்கில் ஒரே விலை. "மாசாமாசம் எலெக்சன் வெச்சா என்னங்ணா?" என்று அக்கா சிரித்தது அப்போதுதான். அந்த அமைதியில் அண்ணன் நேராக முதலாளியிடமே போனார். வருடம் முழுவதும் ஒரே வாடகை, நடுவில் ஏற்றிக் கேட்க மாட்டேன், ஆனால் காலனி ஸ்டாப்பை யாரும் எடுக்கக் கூடாது என்று பேசி முடித்துவிட்டு வந்தார். முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அன்று மாலை வேனில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். "இனி உன்ற ஸ்டாப்ப எவனும் தொட முடியாது கண்ணு" என்றார் அக்காவிடம். தேர்தல் முடிந்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நின்ற விலை நின்றே இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

ஓட்டு எண்ணி முடிந்து சில நாட்கள்தான். பைசா பைசாவாக ஆரம்பித்தது. ஒரே நாளில் பத்து ரூபாய் ஏறியிருந்தால் ஊரே கத்தியிருக்கும். இருபது பைசா, முப்பது பைசாவுக்கு யார் கத்துவார்கள்? அண்ணன் முதலாளியிடம் மறுபடி போனார். பேச்சு மாறக் கூடாதுங்க என்று மரியாதையாகச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்கள். பிறகு பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஆளுக்குக் கொஞ்சம், நூல் தீர்ந்த அட்டைக் கோன் ஒன்றின் அடியில் கட்பீஸ் துணியை அடைத்து, அதில் போடுவது. சில வாரம் நடந்தது. ஒரு சனிக்கிழமை, செக்கிங்கில் வேலை செய்த பல்லடத்து அக்கா கோனை வாங்கிப் போடாமல் அடுத்தவரிடம் தள்ளினார். "ஏறி உக்கார்றதுக்குள்ள என்ற ஊடு வந்துருது. அவிய ஊட்டுக்குப் போற டீசலுக்கு நான் எதுக்குங்க குடுக்கோணும்? என்ற ஊட்டுலயும் ரெண்டு பேரு படிக்கறாங்க." அவருக்குப் பின்னால் இருந்தவரும் போடவில்லை. டிவியில் பெரிய மனிதர்கள் மானியம், வரி என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோன்தான் தெரிகிறது. கைமாறிக் கைமாறி, காலியாக முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"அவங்க சொல்றதும் நாயந்தானுங்ணா. என்னைய ரோட்டுமேலயே எறக்கி உட்ருங்க, நடந்துக்கறேன்" என்றார் கடைசி ஸ்டாப் அக்கா. கொஞ்ச தூரம் போன பிறகு, "நாயம் பேசறவிய ஒருநாளைக்கு அந்த மண்ணுல நடந்து பாக்கோணும்" என்றும் சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. பல்லடத்து அக்கா அதற்குள் இறங்கிவிட்டிருந்தார்.

அப்படித்தான் அந்த வெளிச்சம் ஆரம்பித்தது. உள்ளே போக டீசல் இல்லை, வெளிச்சத்தையாவது அனுப்பலாம் என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு முறை பேட்டரி இறங்கி வண்டி கிளம்ப மறுத்து, நான் தனியாகப் பின்னால் நின்று தள்ளியிருக்கிறேன். "டீசலு மிச்சம் தம்பி, உன்ற சோறுதான் செலவு" என்று உள்ளிருந்து கத்துவார். மழைக்காலம் வந்தது. சேற்றில் நடந்து அவர் வீடு சேர முன்னைவிட நெடுநேரம் ஆகும். அதுவரை கணவர் ஒரே பக்கமாகக் கிடப்பார். ஒரு மாலை மண்பாதை முனையில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவருக்கு முதுகுல புண்ணு வந்துருச்சுங்ணா. நாளைலிருந்து நான் வர்லீங்." அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "செரி கண்ணு" என்றார். வேலமரத்தடியில் அன்றைக்கும் கையைத் தூக்கிக் காட்டினார். பக்கத்துத் தோட்டத்தில் களைவெட்டுக்குப் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். பாதிக் கூலி, அதுவும் வேலை உள்ள நாட்களில்.

மறுநாள் மாலை அண்ணன் பழக்கத்தில் அதே இடத்தில் வண்டியை இறக்கித் திருப்பி, என்ஜினை அணைத்துவிட்டார். விளக்கு மண்பாதையில் விழுந்தது. இறங்க யாரும் இல்லை. வேலமரம்வரை ஒருவர் நடந்து போகிற நேரம் அப்படியே இருந்துவிட்டு, சாவியைத் திருகினார்.

அடுத்த தீபாவளிக்குள் வேனை விற்றுவிட்டார். இப்போது யாருடைய தண்ணீர் லாரியையோ ஓட்டுவதாகச் சொன்னார்கள். நான் கேரளாவுக்குப் போய், திரும்பி வந்து, இப்போது பெருமாநல்லூரில் வேறொரு இஸ்திரி மேசையில் நிற்கிறேன். போன மாதம் ஒரு வேலையாகத் தாராபுரம் பஸ்ஸில் போனேன். பொழுது இருட்டிவிட்டது. மண்பாதை பிரியும் முனையில் புதிதாக ஒரு பங்க் வந்திருக்கிறது. அன்றைய விலை உயரத்தில் சிவப்பு எழுத்தில் எரிகிறது, சுற்றிலும் பகல் மாதிரி வெள்ளை விளக்குகள். அந்த வெளிச்சம் வேலமரத்தையும் தாண்டி, எங்கள் வேனின் விளக்கு ஒருநாளும் எட்டாத தூரம்வரை, மண்பாதையில் விழுந்து கிடந்தது. பஸ் வேகமெடுக்கும்வரை பார்த்தேன். அதில் யாரும் நடக்கவில்லை.