கால் ஊனாத புரட்டாசி

ரெண்டாயிரம் பிறக்கதுக்கு ரெண்டு மூணு வருசம் முந்தி இருக்கும். கோவில்பட்டியில இருந்து புதூர் போற வழியில எங்க ஊரு. எனக்கு எழுத்து வாராது. நான் சொல்லச் சொல்ல மருமக எழுதுதா.

ஆடி மாசம். கரிசக்காடு காஞ்சா எப்படி வெடிக்கும்னு பாத்தவியளுக்குத் தெரியும், ஆட்டுக்குட்டி விழுந்தா தேடித்தான் எடுக்கணும். ஆயுசெல்லாம் அதுல நடந்த காலுதான். அன்னைக்கு ஒரு கிடாயைக் கயித்துல பிடிச்சிட்டு வந்தேன். குணங்கெட்ட கிடாய் அது. அதை எந்தச் சந்தையில பிடிச்சேன்னு சொன்னா அது ஒரு தனிக்கதை, கிடக்கட்டும். வலது காலு வெடிப்புக்குள்ள இறங்கிட்டு. காலு உள்ள மாட்டி நிக்குது, கிடாய் இழுத்த இழுப்புல உடம்பு மட்டும் திரும்பிட்டு. கணுக்காலுக்கு மேல படக்குன்னு ஒரு சத்தம்.

ஓட்டப்பிடாரம் பக்கத்துல ஒரு நாட்டு வைத்தியர், எலும்புக்குக் கைராசிக்காரர். முட்டையும் உளுந்தமாவும் பத்துப்போட்டுக் கட்டினாரு. எலும்பு முறியலை, பிசகுதான், நடந்து பழகுங்கன்னாரு. அவரைக் குத்தம் சொல்லமாட்டேன், நெசமாவே முறியலை. ஆனா ஒரு மாசம் ஆகியும் வீக்கம் வத்தலை. காலை ஊனினா உள்ள எதுவோ விரியுத மாதிரி இருக்கும்.

வீட்டுக்காரி விடலை, கோவில்பட்டிக்கு எலும்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. சின்ன வயசு டாக்டர். வீங்கின இடத்தைத் தொடவே இல்லை. கெண்டைக்கால்ல ரெண்டு பக்கமும் கையைக் குடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாரு, கீழ கணுக்கால்ல எனக்கு உசுரு போயிட்டு. சுவிட்சு அங்கன, லைட்டு இங்கனயான்னு நினைச்சேன். காலைத் திருப்பிப் பிடிச்சு எக்ஸ்ரே எடுத்தாரு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்காம். அடியில அது ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்க நாரு அறுந்துபோயி, எலும்பு விலகி நிக்குதாம். திருகாணி போட்டு இழுத்துச் சேக்கணும்னாரு.

முதுகுல ஊசி போட்டதுல இடுப்புக்குக் கீழ மரத்துட்டு, காது மட்டும் நல்லா கேக்குது. எலும்புல துளை போடுத சத்தம் தச்சன் துரப்பணம் போடுத மாதிரியே இருந்துச்சு. ரெண்டு திருகாணி ஏத்தினாக.

அதெல்லாம் பெருசில்லை. கட்டுப் போட்ட பிறகு டாக்டர் சொன்னாரு பாருங்க, எட்டு வாரத்துக்குக் காலைத் தரையில வைக்கவே கூடாதுன்னு. “வச்சீங்கன்னா திருகாணி முறிஞ்சிரும், எலும்பு பழையபடி விலகிரும். அப்புறம் நொண்டிதான், ஐயா.”

நாலாவது வாரம், புரட்டாசியில மழை கொட்டிட்டு. கரிசலுக்கு ஒரு பதம் உண்டு. முந்தினா சேறு கலப்பையோட அப்பும், பிந்தினா மேல இறுகிரும். நடுவுல ரெண்டு மூணு நாளு, அதுல விதைக்கலைன்னா அந்த வருசம் வீட்டுல உலை இல்லை. ஊரு பூரா அவிய அவிய காட்டுல நிக்கும், ஒரு ஆளு கிடைக்காது. மகன் திருப்பூர்ல வேலையில இருந்தான், தகவல் சொல்லி வந்து சேரதுக்குள்ள பதம் போயிரும்.

வீட்டுக்காரி என்னை வண்டியில ஏத்தினா. காட்டுக்குப் போயி வரப்புல சாக்கை விரிச்சு உக்கார வச்சா. வண்டி மாட்டையே அவுத்து ஏருல பூட்டிட்டு மேழியைப் பிடிச்சிட்டா. எப்பவும் நான் உழுவேன், அவ பின்னால விதை விடுவா. அன்னைக்கு அவ உழுதா, என் தங்கச்சி விதை விட்டா.

எங்க பக்கம் பொம்பள மேழியைத் தொடக்கூடாது. தொட்டா மழை அத்துப்போகும்பாக. ரெண்டு சால் போகல, பக்கத்துக் காட்டுக்காரவிய நாலு பேரு வந்துட்டாக. ஒருத்தரு எனக்குப் பங்காளி முறை.

“என்ன அண்ணாச்சி, வேட்டி உமக்கா அவளுக்கா? பேருக்கு ஒரு சாலாவது நீரு பிடியும்வே. கம்பை ஊனிக்கிட்டு எந்திரியும்.”

ரோசம் வந்துட்டு. எந்திரிச்சிட்டேன். ஒத்தக்கால்ல நின்னு, கட்டுப் போட்ட காலைக் கீழ இறக்கிட்டேன். மண்ணுக்கும் காலுக்கும் நாலு விரக்கடைதான் இருக்கும்.

ஏரு பக்கமிருந்து அவ ஒரு சத்தம் போட்டா. “உக்காருங்க! காலை வச்சீங்க, கலப்பையை இப்படியே போட்டுட்டு எங்க ஊருக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களும் இவியளும் சேந்து உழுதுக்கிடுங்க.”

உக்காந்துட்டேன். முதல்ல அவமானமாத்தான் இருந்துச்சு. தலையைத் தூக்கிப் பாத்தேன். சாலு கோணக்கமாணக்கன்னு பாம்பு போன தடமா கிடக்கு, ஆனா அவ மேழியை விடலை. அப்ப வந்துச்சு எனக்கு வேற ரோசம்.

“ஏய்யா, இத்தனை வருசமா அவ மேழியைத் தொடாமத்தான இருந்தா. அப்ப எத்தனை வருசம் மழை தவறாம பேஞ்சுது, சொல்லும் பாப்போம்?”ன்னேன். “போய் அவிய அவிய காட்டைப் பாருங்கவே, பதம் போகுது”ன்னு சொன்னேன். போயிட்டாக.

ரெண்டு நாளு உழுதா. மாடு எப்ப திரும்பணும், எங்கன அழுத்தணும்னு நான் வரப்புல இருந்து கத்தினேன். வாயை மூடுங்கன்னு அவ திருப்பிக் கத்தினா. மூணாவது நாளு கையெல்லாம் கொப்புளம், சோத்தைப் பிசைய முடியலை. நான்தான் ஊட்டிவிட்டேன். தங்கச்சி பாத்துச் சிரிச்சா. சிரிக்கட்டுமே.

அந்த வருசம் நல்ல மழை. அடுத்த ரெண்டு வருசம் பேயலை. பேஞ்சதுக்கும் அவ காரணம் இல்லை, பேயாததுக்கும் அவ காரணம் இல்லைன்னு டீக்கடையில வச்சே சொன்னேன். அதுக்குப் பிறகு வருசா வருசம் நாலு சாலாவது அவ பிடிப்பா, நான் விதை விடுவேன். யாரும் வந்து கேக்கலை. அவ முதல்ல உழுத அந்த வருசமே தை மாசம் திருகாணியைக் கழட்டினாக. டாக்டர் நடக்கச் சொல்லிப் பாத்தாரு, நேரா நடந்தேன்.

சின்ன வயசுல எத்தனையோ அடிதடி, வீராப்பு. அதெல்லாம் இப்ப யோசிச்சா வெறும் சத்தம். நாலு பேரு வேட்டியைக் கேலி பண்ணுதப்ப, எந்திரிச்சவன் காலை ஊனாம திரும்ப உக்காந்தேன் பாருங்க, என் ஆயுசுல நான் காட்டின வீராப்பு அது ஒண்ணுதான். அதுலயும் பாதி அவளோடது.